பினாங்கில் பணிப் பயணம்: தனியே செல்லும் பெண்களுக்கான ஏற்பாடுகள்

பினாங்கு மாநிலத்தின் தலைநகரான ஜார்ஜ் டவுன், 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் நிறுவிய துறைமுகக் குடியேற்றத்திலிருந்து வளர்ந்து, 2008ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரமாகும். சுற்றுலா நூல்கள் அந்தப் பழைய நகரத்தையே விரிவாகப் பேசுகின்றன. பணி நிமித்தம் வரும் பெண்ணுக்கோ வேலை இருக்குமிடம் பெரும்பாலும் அதற்கு வெளியே, தீவின் தெற்கிலுள்ள தொழிற்பேட்டையிலோ கடலுக்கு அப்பாலுள்ள பெருநிலத்திலோ அமைந்திருக்கிறது. இந்தத் தொலைவை அறியாமல் செய்யப்படும் ஏற்பாடுகளே பின்னர் நேரும் களைப்புக்கும் அச்சத்துக்கும் காரணமாகின்றன. ஆகவே இந்த அத்தியாயம் ஒரே விதியை அடிப்படையாகக் கொள்கிறது: ஓரிடத்துக்கு எப்படிச் செல்வது என்று தீர்மானிக்கும் முன்பே, அங்கிருந்து தங்குமிடத்துக்கு எந்நேரத்தில், எவ்வழியே, எந்த வண்டியில் திரும்புவது என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

வேலை நடக்கும் இடம் எது?

பினாங்கு என்பது ஒரு தீவு மட்டுமன்று. எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறை என்னும் பெருநிலப் பகுதியும் அம்மாநிலத்தைச் சேர்ந்ததே. இவ்விரண்டையும் 1985இல் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்பாலமும், 2014இல் திறக்கப்பட்ட, 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலமும், பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே ஓடும் படகுகளும் இணைக்கின்றன. வணிகப் பயணியின் பார்வையில் இப்பரப்பு நான்கு பகுதிகளாகப் பிரிகிறது.

ஜார்ஜ் டவுன் தீவின் வடகிழக்கு முனையில் உள்ளது. மாநில அரசு அலுவலகங்கள் இயங்கும் கொம்தார் கோபுரம், லெபோ பந்தாய் தெருவின் வங்கிகள், மருத்துவத் துறைப் பயணிகள் நாடி வரும் தனியார் மருத்துவமனைகளில் பல ஆகியவை இங்கேயே இருக்கின்றன. இரண்டாவது, விமான நிலையத்தை ஒட்டிய பாயான் லெப்பாஸ். இங்குள்ள கட்டற்ற தொழில் வலயம், அதாவது சுங்கவரிச் சலுகையுடன் ஏற்றுமதிக்காக உற்பத்தி செய்ய ஒதுக்கப்பட்ட தொழிற்பகுதி, 1972ஆம் ஆண்டு தொடங்கியது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அமைத்ததும் அவ்வாண்டில் இங்கேதான். ஸ்பைஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாநாட்டு அரங்கமும் இப்பகுதியையே சார்ந்தது. மூன்றாவது, இரண்டாம் பாலத்தின் மறுமுனையிலுள்ள பத்து காவான் தொழிற்பூங்கா. நான்காவது, பினாங்கின் எல்லை கடந்து கெடா மாநிலத்தில் அமைந்த கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா.

கூலிம் தொடர்பாக ஒரு செய்தியைத் தனியே மனத்தில் இருத்த வேண்டும். பினாங்கில் வார விடுமுறை சனி, ஞாயிறு; கெடாவிலோ அரசு அலுவலகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் விடுமுறை. தனியார் ஆலைகள் தத்தம் வழக்கப்படி நடப்பதால், கூலிமில் வெள்ளிக்கிழமைச் சந்திப்பைக் குறிக்கும் முன் அந்த நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். பினாங்கிலும் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்காக அரசு அலுவலகங்களில் இடைவேளை நீளும் என்பதால், அன்று பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

தங்குமிடத்தைத் தேர்தல்

மிகப் பொதுவாக நேரும் பிழை, பாயான் லெப்பாஸில் மூன்று நாள் வேலை இருக்க, படங்களில் அழகாகத் தெரிந்த பழைய நகர விடுதியிலோ வடகரையிலுள்ள பத்து பெரிங்கி கடற்கரை விடுதியிலோ அறை எடுத்துவிடுவதாகும். விமான நிலையத்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே ஏறத்தாழ 16 கிலோமீட்டர்தான் என்றாலும், ஆலைகளின் பணிமுறை மாறும் காலை, மாலை வேளைகளில் கடலோர விரைவுச்சாலையும் அதற்கு இணையான உட்சாலைகளும் ஒருசேர நெருக்கடிக்குள்ளாவதால், அரை மணி நேரப் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடக்கூடும். பத்து பெரிங்கிக்குச் செல்லும் சாலையோ மலைக்கும் கடலுக்கும் இடையே வளைந்து செல்லும் குறுகிய சாலை; நாள் முழுவதும் கூட்டங்களில் இருந்துவிட்டு இரவில் அவ்வழியே தனியே திரும்புவது வேண்டாத சுமை.

எனவே வேலை தெற்கிலும் பத்து காவானிலும் இருந்தால் பாயான் லெப்பாஸ், பாயான் பாரு, குவீன்ஸ்பே சுற்றுப்புறத்திலும், வேலை அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் இருந்தால் ஜார்ஜ் டவுனிலோ கர்னி கடற்கரைச் சாலைப் பகுதியிலோ தங்குவது பொருத்தமானது. கூலிமில் இரண்டு நாளுக்கு மேல் வேலை இருந்தால் பெருநிலத்திலேயே தங்குவது குறித்துத் தயக்கமின்றி யோசிக்கலாம். தொழிற்பகுதி விடுதிகளுக்கு அழகு குறைவு என்பது உண்மை. ஆயினும் விடுதி வாசலிலிருந்து பேரங்காடியும் மருந்தகமும் உணவகங்களும் நடக்கும் தொலைவில், வெளிச்சமான தெருவில் இருப்பது தனியே வரும் பெண்ணுக்கு எந்த அழகையும்விடப் பயனுள்ளது.

பழைய நகரத்தில் தங்குவோர் அங்குள்ள கட்டட அமைப்பை அறிந்திருக்க வேண்டும். கடைவீடு எனப்படும், கீழே கடையும் மேலே குடியிருப்புமாகக் கட்டப்பட்ட நீண்டு ஒடுங்கிய கட்டடங்கள் பல இன்று சிறு விடுதிகளாகியுள்ளன. பாரம்பரிய விதிகளால் அவற்றில் மாற்றங்கள் செய்வது கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் மின்தூக்கி இல்லாமலிருக்கலாம், மாடிப்படி செங்குத்தாக இருக்கலாம், சில அறைகளுக்குத் தெருப்பக்கச் சன்னலே இல்லாமலிருக்கலாம். இரவில் வரவேற்பறையில் ஆள் வைக்காமல், கதவைத் திறக்கும் எண்ணை மட்டும் அனுப்பி உள்ளே வரச் சொல்லும் விடுதிகளும் உண்டு. பணம் செலுத்தும் முன் விடுதியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை:

1. வரவேற்பறையில் இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருப்பாரா?
2. அறை எந்த மாடியில் உள்ளது, மின்தூக்கி உண்டா? தரைத்தளமும், வெளிப்படிக்கட்டை ஒட்டிய அறையும் வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.
3. கதவில் உட்தாழ்ப்பாளும் பார்வைத்துளையும் உண்டா? அடுத்த அறைக்குச் செல்லும் இடைக்கதவு இருந்தால் அது இருபுறமும் பூட்டப்படுமா?
4. வாடகை வண்டி விடுதி வாசல்வரை வர இயலுமா? பழைய நகரத்தின் சில சந்துகளில் வண்டி தெருமுனையிலேயே நின்றுவிடும்.
5. நிறுவனத்தின் பெயரில் பற்றுச்சீட்டு தருவார்களா? வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி செலுத்த வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ளது. மாநிலத்தின் விடுதிக் கட்டணமும் தனியே சேரும். இவை பெரும்பாலும் அறையில் சேரும்போது வசூலிக்கப்படுவதால், இவற்றுக்கும் சீட்டு வாங்கிக்கொள்ளாவிடில் அலுவலகத்தில் அத்தொகையைத் திரும்பப் பெறுவது கடினம்.

குறிப்பு: வரவேற்பறையில் அறை எண்ணைப் பணியாளர் உரக்கச் சொல்லிவிட்டால், வேறு அறை கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

புறப்படும் முன்

1. நுழைவு அனுமதியை உறுதி செய்தல். இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் 30 நாள் வரை விசா இன்றி வரும் சலுகை 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. இது காலவரையறையுடன் நீட்டிக்கப்படும் சலுகை என்பதால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் சரிபார்க்க வேண்டும். கூட்டங்களில் கலந்துகொள்வதும் பேச்சுவார்த்தை நடத்துவதும் வேறு; ஆலையில் இயந்திரம் பொருத்துவதும் பயிற்சி அளிப்பதும் வேறு. பின்னவற்றுக்குத் தொழில்முறை வருகை அனுமதி தேவைப்படலாம் என்பதால், அழைக்கும் நிறுவனத்திடம் வேலையின் தன்மையை விளக்கி எழுத்தில் பதில் பெற வேண்டும்.

2. மின்னணு வருகை அட்டையை நிரப்புதல். வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இதை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் குடிநுழைவுத் துறை கட்டணம் வாங்குவதில்லை. பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அதைத் தவிர்க்க வேண்டும்.

3. வந்துசேரும் நேரத்தைத் தேர்தல். சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானச் சேவை 2024 டிசம்பரில் தொடங்கியது; மற்றபடி பெரும்பாலும் கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாக வர வேண்டும். அவ்வாறு விமானம் மாறி வருவோர், நள்ளிரவில் வந்து சேரும் மலிவுச் சீட்டைவிடப் பகலில் வந்து சேரும் சீட்டைத் தேர்வது நலம். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

4. பையில் வைப்பவை. மலேசிய மின்செருகிகள் தட்டையான மூன்று முனை கொண்டவை. இந்தியச் செருகி அங்குள்ள மின்துளைகளில் பொருந்தாது. வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் மூல உறையிலேயே எடுத்துவர வேண்டும். அரங்குகளிலும் அலுவலகங்களிலும் குளிரூட்டல் கடுமையாக இருப்பதால் ஒரு சால்வையும், ஆண்டு முழுவதும் திடீரென மழை பெய்யும் ஊர் என்பதால் மடக்குக் குடையும், டெங்கிக் காய்ச்சல் பரவும் நாடு என்பதால் கொசுவிரட்டியும் தேவை. மாதவிடாய்க்கால அணையாடைகளைப் பெருமளவில் சுமந்து வர வேண்டியதில்லை. கார்டியன், வாட்சன்ஸ் மருந்தகங்கள் பேரங்காடிகள்தோறும் உள்ளன.

5. பயண நிரலை வீட்டில் ஒருவரிடமும் அலுவலகத்தில் ஒருவரிடமும் ஒப்படைத்தல். அதில் விடுதியின் பெயர், விமான எண், ஒவ்வொரு நாளும் சந்திக்கவுள்ளவரின் பெயர், இரவில் தகவல் தர வேண்டிய நேரம் ஆகியன இருக்க வேண்டும். தகவல் வராவிட்டால் அவர் முதலில் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி வரி இல்லாத நிரலால் நெருக்கடியில் பயன் இல்லை.

வந்திறங்கும் நாள்

1. விமான நிலையத்திலேயே கைப்பேசி இணைப்பை வாங்க வேண்டும். கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்வது கட்டாயம். இணைப்பு செயல்படுகிறதா என்று கடையில் நின்றபடியே சோதித்துப் பார்க்க வேண்டும். வாடகை வண்டிச் செயலி அதை நம்பியே இருக்கிறது.

2. சிறிதளவு ரொக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும். ரிங்கிட்டை உள்ளூர்த் தமிழர் வெள்ளி என்றே சொல்வர்; ஆகவே கடையில் ‘பத்து வெள்ளி’ என்றால் பத்து ரிங்கிட் என்று பொருள். அட்டை எங்கும் செல்லும் என்றாலும், சாலையோர ஒட்டுக்கடைகளிலும் சில கழிவறைகளிலும் சில்லறை தேவைப்படும்.

3. வண்டி இரு வகையில் கிடைக்கும்: கிராப் செயலியின் வழியாகவும், முன்பணம் கட்டிச் சீட்டு பெறும் விமான நிலைய வாடகை வண்டி முகப்பிலும். கூட்டத்தில் அருகில் வந்து வண்டி வேண்டுமா என்று கேட்பவர் யாராயினும் மறுத்துவிட வேண்டும்.

4. ஏறும் முன் வண்டியின் பதிவு எண்ணையும் ஓட்டுநரின் முகத்தையும் செயலியில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, ‘யாரை ஏற்ற வந்தீர்கள்?’ என்று கேட்க வேண்டும். தன் பெயரைத் தானே முந்திச் சொல்லிவிடக் கூடாது. ஓட்டுநருக்குப் பின்புற இருக்கையில் அமர்ந்து, பயணத்தைப் பகிரும் வசதியை இயக்கிவிட வேண்டும்.

5. அறைக்குள் நுழைந்ததும் கதவைத் திறந்து வைத்தே குளியலறை, அலமாரி, சன்னல் தாழ், இடைக்கதவு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, பிறகு கதவைத் தாழிட வேண்டும். அவசரப் படிக்கட்டு எங்கே உள்ளது என்பதை நடந்தே பார்த்து வைப்பது நல்லது.

கோலாலம்பூரிலிருந்து தொடர்வண்டியில் வருவோர் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த் அடைவர். தொடர்வண்டி, பேருந்து, படகு மூன்றும் பினாங்கு சென்ட்ரல் வளாகத்தில் ஒன்றுசேர்கின்றன. 2023இல் புதிய படகுகள் ஓடத் தொடங்கிய பின் பகற்பொழுதில் கடலைக் கடப்பது எளிதும் இனிமையானதும் ஆகும். பெட்டிகளுடன் இரவில் வருவோர் மட்டும் படகை எண்ணிக் காத்திராமல், பாலத்தின் வழியே நேராக விடுதிக்கு வண்டி எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குள் போக்குவரத்து

பினாங்கில் இன்னும் நகர ரயில் இல்லை; முத்தியாரா வழித்தடத்தின் கட்டுமானம் 2025இல்தான் தொடங்கியது. ராபிட் பினாங்கு பேருந்துகள் பகலில் நம்பத்தக்கவை, ஆனால் நெரிசல் நேரத்தில் குறித்த நேரத்துக்குச் சென்றடையும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே சந்திப்புகளுக்குச் செயலி வண்டியையே நம்ப வேண்டியிருக்கும். 2019 முதல் செயலி ஓட்டுநர்களும் பொதுச்சேவை உரிமம் பெற வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருப்பதால் அவை முறைப்படுத்தப்பட்டவையே.

மூன்று வேளைகளில் வண்டி கிடைப்பது கடினமாகும், கட்டணமும் ஏறும்: கனமழை பெய்யும்போது, ஆலைகளின் பணிமுறை மாறும்போது, நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் மாலைப் பொழுதில். இவ்வேளைகளில் கூட்டம் முடிகிறது என்றால் வண்டியை முன்பதிவு செய்வதோ, அழைத்த நிறுவனத்தின் வாகனத்தைக் கேட்பதோ முறை. நிறுவன வாகனத்தைக் கேட்டு வாங்குவது சலுகை கேட்பதன்று; தொழிற்பேட்டையின் உள்சாலைகளில் மாலைக்குப் பின் ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் அது அடிப்படைத் தேவை.

காத்திருக்கும் இடமும் முக்கியம். இருண்ட தெருவோரத்தில் கைப்பேசியைப் பார்த்தபடி நிற்பதைவிட, அருகிலுள்ள மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம்கள் நடத்தும் உணவகத்தில், ஒரு தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு அமர்வது பாதுகாப்பானது. இக்கடைகளில் பல இரவு முழுவதும் திறந்திருப்பவை, குடும்பங்கள் வந்துபோகும் இடங்கள். தனியே அமர்ந்திருக்கும் பெண்ணை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

நடக்கும்போது

தனியே செல்லும் பெண் இந்நகரில் பகலில் அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டிய குற்றம் ஒன்றுண்டு: மோட்டார் சைக்கிளில் வந்து கைப்பையைப் பறித்துச் செல்லும் வழிப்பறி. பறிபோகும் பொருளைவிட, பையின் வார் தோளிலோ கழுத்திலோ சிக்கிப் பெண் சாலையில் இழுபடுவதே இதில் பேராபத்து. அதற்கான நெறிகள் எளியவை:

1. வண்டிகள் எதிரே வரும் திசையை நோக்கி நடக்க வேண்டும். பின்னாலிருந்து வண்டி நெருங்க இடம் தரக் கூடாது.
2. பை, சாலைக்கு எதிர்ப்புறத் தோளில் இருக்க வேண்டும். மடிக்கணினியையும் கடவுச்சீட்டையும் பணத்தையும் ஒரே பையில் வைக்கக் கூடாது.
3. சாலை விளிம்பில் நின்று கைப்பேசியில் வழி பார்க்காமல், கடைக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.
4. பறிக்க முயன்றால் பையை விட்டுவிட வேண்டும். இழுத்துப் பிடித்துப் போராடுவதற்குத் தகுந்த பொருள் எதுவும் அதில் இல்லை.

பழைய நகரத்தில் கடைவீடுகளின் முன்னால் ஓடும் மூடிய நடைவழியை அஞ்சடி என்பர். ஐந்தடி அகலம் விட வேண்டும் என்ற பழைய விதியால் வந்த பெயர். வெயிலிலும் மழையிலும் அது பெரும் உதவி. ஆனால் கடைக்குக் கடை தரைமட்டம் மாறும், நிறுத்திய வண்டிகளும் கடைப்பொருள்களும் வழியை அடைத்து நடப்பவரைச் சாலையில் இறக்கிவிடும், பக்கத்தில் திறந்த சாக்கடையும் இருக்கும். குதியுயர்ந்த காலணியைப் பையில் வைத்துக்கொண்டு தட்டையான காலணியில் நடந்து, அலுவலக வாசலில் மாற்றிக்கொள்வதே உகந்தது. இரவு பத்து மணிக்குப் பின் லெபோ சூலியாவும் அதை ஒட்டிய சந்துகளும் மதுக்கடைக் கூட்டத்தால் நிறைந்திருக்கும். அப்பகுதியில் தங்குவோர் கூப்பிடு தொலைவுக்கும் வண்டி எடுப்பதில் தவறில்லை.

ஆலையிலும் கூட்ட அறையிலும்

பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்குச் செல்லும் பெண்கள் உடை குறித்து முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குறைக்கடத்தி ஆலைகளில் தூய்மை அறை என்றொரு பகுதி உண்டு; காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்ட கூடம் அது. அங்கே நுழைவோர் உடல் முழுவதும் மூடும் மேலங்கி அணிய வேண்டும் என்பதால் புடவையும் நீண்ட துப்பட்டாவும் பொருந்தா. முகப்பூச்சும் பவுடரும் உதிரும் துகள்களால் பொதுவாகத் தடுக்கப்படும். வளையல், தொங்கட்டான், சில இடங்களில் நகப்பூச்சும்கூட அனுமதிக்கப்படுவதில்லை. கால்சட்டை, முழுதும் மூடிய காலணி, எளிய ஒப்பனை ஆகியவற்றுடன் செல்வோர் வாசலில் தடுமாற வேண்டியிராது. தாலியையோ மதச் சின்னத்தையோ கழற்ற இயலாதவர் அதை முன்கூட்டியே தெரிவித்தால், ஒட்டுநாடாவால் மூடுவது போன்ற மாற்று உண்டா என்று சொல்வார்கள். கைப்பேசியின் படக்கருவியை ஒட்டி மூடுவதும் மடிக்கணினியின் எண்ணைப் பதிவதும் வழக்கமான பாதுகாப்பு முறைகளே.

முகமன் கூறுவதில் இனத்துக்கு ஏற்ற வேறுபாடு உண்டு. மலாய் ஆண்களில் சிலர் பெண்ணுடன் கைகுலுக்குவதைத் தவிர்ப்பர். ஆகவே வலக்கையைத் தன் மார்பில் வைத்துச் சற்றே தலைதாழ்த்திப் புன்னகைப்பது இருவருக்கும் சங்கடம் தராத வழக்கம். அவர் கை நீட்டினால் குலுக்கலாம். சீன வணிகர்களிடம் பெயரட்டையை இரு கைகளாலும் கொடுத்து வாங்க வேண்டும். வாங்கியதும் படிக்காமல் பையில் போடுவது மதிப்புக் குறைவு. டத்தோ, டத்தோ ஸ்ரீ போன்ற பட்டங்களைப் பெயருடன் சேர்த்தே சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு ஆணாயின் என்சிக், பெண்ணாயின் புவான் என்ற மலாய் மதிப்புச் சொற்கள் எங்கும் பொருந்தும். பொருளையோ ஆளையோ சுட்டுவிரலால் காட்டாமல், மடக்கிய கையின் கட்டைவிரலால் காட்டுவது மலாய்ப் பண்பாடு.

அலுவலகங்களிலும் ஆலைகளிலும் தமிழர் பலர் பணிபுரிகின்றனர். அவர்கள் காட்டும் அன்பு உண்மையானது, ‘பசியாறியாச்சா?’ என்ற விசாரிப்பில் தொடங்கிவிடும். ஆயினும் கூட்டத்தின் நடுவே அவர்களுடன் மட்டும் தமிழில் பேசிக்கொண்டிருப்பது மற்றவர்களை விலக்கி வைப்பதாகும். அந்த உரையாடலை உணவு வேளைக்கு ஒதுக்குவது நயமானது.

உணவு

தனியே உண்பது இவ்வூரில் இயல்பு. சைவ உணவு மட்டுமே உண்போர் லிட்டில் இந்தியா என்னும் லெபோ பினாங்கு, லெபோ பாசார் சுற்றுப்புறத்தில் வாழையிலைச் சாப்பாட்டையும் சிற்றுண்டியையும் பெறலாம். மற்ற இடங்களில் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. பெலாச்சான் எனப்படும் இறால் விழுதும் நெத்திலியும் சம்பலிலும் கீரைப் பொரியலிலும் கலந்திருக்கும். அசாம் லக்சா என்னும் நூடுல்ஸ் உணவின் சாறு மீனால் ஆனது. இறால், மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்க வேண்டும். அசைவர்களுக்கு நாசி கண்டார் இவ்வூரின் சிறப்பு. தமிழ் முஸ்லிம்கள் தோளில் தண்டு வைத்துச் சோறும் குழம்பும் சுமந்து விற்ற வழக்கத்திலிருந்து வந்தது. லெபோ கேம்பலிலுள்ள ஹமீதியா 1907 முதல் நடந்துவரும் கடை.

இரவு விருந்தும் திரும்புதலும்

1. விருந்து நடக்கும் இடத்தின் முகவரியை முன்கூட்டியே பெற்று, முடியும் நேரத்தை விருந்து தொடங்கும் முன்பே அழைத்தவரிடம் சொல்லிவிட வேண்டும். ‘ஒன்பதரைக்கு எனக்கு வண்டி வருகிறது’ என்ற ஒரு வாக்கியம் பல வற்புறுத்தல்களைத் தவிர்க்கும்.
2. சீன விருந்துகளில் யாம் செங் என்று உரக்கச் சொல்லிக் குவளை உயர்த்துவது மகிழ்ச்சியின் அடையாளம். அக்குவளையில் தேநீர் இருந்தாலும் குறையில்லை. மது அருந்தாததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தன் குவளையைக் கண்ணிலிருந்து விலக்காமல் இருக்க வேண்டும். விலகிவிட்டால் புதிதாக ஒன்று கேட்க வேண்டும்.
3. உடன் வேலை செய்பவரேயாயினும் மது அருந்திய ஒருவர் ஓட்டும் வண்டியில் ஏறக் கூடாது.
4. பணிபற்றிய பேச்சை விடுதி அறையில் தொடரலாம் என்ற அழைப்பை, விடுதியின் வரவேற்பறைக்கோ காப்பிக் கடைக்கோ மாற்றிவிட வேண்டும்.
5. அறை சேர்ந்ததும் நிரலில் குறித்தவருக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.

தொல்லை நேர்ந்தால்

அவசர உதவிக்குக் காவல், தீயணைப்பு, மருத்துவம் அனைத்துக்கும் எண் 999. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நேரும் வன்முறை குறித்து நாள் முழுவதும் அழைக்கக்கூடிய அரசு உதவி எண் 15999. தாலியான் காசே என்பது அதன் பெயர். ஜார்ஜ் டவுனில் 1985 முதல் இயங்கும் மாற்றத்திற்கான பெண்கள் மையம் ஆலோசனையும் வழிகாட்டலும் அளிக்கும் தன்னார்வ அமைப்பாகும்.

1. முதலில் ஆள்கள் உள்ள வெளிச்சமான இடத்துக்குச் செல்ல வேண்டும். விடுதி வரவேற்பறை, இரவுக் கடை, மருத்துவமனை எதுவாயினும் சரி.
2. தாக்குதலோ பாலியல் வன்முறையோ நேர்ந்திருந்தால், குளிக்காமலும் உடை மாற்றாமலும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். ஜார்ஜ் டவுனில் அது ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் ஓரிட நெருக்கடி மையம் என்ற ஏற்பாடு உண்டு. சிகிச்சை, தடய சேகரிப்பு, காவல் புகார், ஆலோசனை ஆகியவற்றை ஒரே இடத்தில் பெறுவதற்கானது அது.
3. பொருள் அல்லது கடவுச்சீட்டு பறிபோனால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் அளித்து நகல் பெற வேண்டும். காப்பீட்டுக்கும் மாற்றுக் கடவுச்சீட்டுக்கும் அந்நகலே அடிப்படை. இந்தியத் தூதரகம் கோலாலம்பூரில் இருப்பதால், திரும்பும் நாளை மாற்ற வேண்டியிருக்கும் என்று அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.
4. பணியிடத்தில் ஒருவர் வரம்பு மீறினால், நாள், நேரம், சொன்ன சொற்கள், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்து, குறுஞ்செய்திகளை அழிக்காமல் காக்க வேண்டும். மலேசியாவில் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டு, அதன்கீழ் வழக்கறிஞர் இன்றியே முறையிடத்தக்க தீர்ப்பாயம் அமைந்துள்ளது. ஒருவரைத் தொடர்ந்து பின்தொடர்ந்து அச்சுறுத்துவது 2023 முதல் தண்டனைக்குரிய குற்றம். ஒப்பந்தம் கைநழுவுமோ என்று அஞ்சி இதை மறைப்பது அடுத்து வரும் பெண்ணையும் அதே இடரில் விடுவதாகும். தன் நிறுவனத்துக்கு அன்றே தெரிவிப்பது உரிமையும் கடமையுமாகும்.

புறப்படும் நாள்

கடைசி நாளில் ஆலையில் சந்திப்பு இருந்தால் பெட்டியை உடன் எடுத்துச் சென்று, ஆலையின் வரவேற்பில் வைத்துவிட்டு, அங்கிருந்தே விமான நிலையம் செல்ல வேண்டும். பெட்டிக்காக ஜார்ஜ் டவுன் திரும்பி மீண்டும் தெற்கே வருவதில் மாலை விமானத்தைத் தவறவிட்டோர் உண்டு. மாறாக வேலை காலையிலேயே முடிந்து இரவு விமானம் என்றால், பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு, 1923இல் இயங்கத் தொடங்கிய கயிற்று ரயிலில் பினாங்கு மலைக்குச் சென்று வரலாம், அல்லது ஜாலான் கெபுன் புங்காவில் உள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை வெயில் ஏறும் முன் ஏறலாம். தைப்பூசத்தின்போது அக்கோயிலைச் சுற்றியுள்ள சாலைகள் அடைக்கப்படும். அந்நாள்களில் பயணம் அமைந்தால் சந்திப்புகளைத் தெற்கிலேயே வைத்துக்கொண்டு, விடுதியிலிருந்து விமான நிலையம் செல்ல வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.